எம்ஜிபி கார்புரேட்டர் வழிந்தால் முதலில் எதைப் பார்ப்பது?

சாவியைத் திருப்பியதும் பச்சைப் பெட்ரோல் வாடை. போனட்டைத் தூக்கினால் கார்புரேட்டருக்குக் கீழே ஈரம். செல்ஃப் அடித்தால் இஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கிப்போகிறது. தப்பித்தவறி ஓடினாலும் பின்னால் கறுப்புப் புகை. கார்புரேட்டர் ‘ஓவர்ஃப்ளோ’ ஆகிறது என்று எந்த மெக்கானிக்கும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்.

இந்த நிலைமையில் புதிதாகப் பழைய கார் வாங்கியவர்கள் செய்யும் முதல் வேலை, பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று நினைத்து, ஜெட்டுக்கு, அதாவது பெட்ரோல் வெளிவரும் துளைக்குழாய்க்கு, கீழே இருக்கும் கலவை நட்டைத் திருகுவது. கை வைக்கவே கூடாத இடம் அதுதான். வழிதல் வேறு, கலவை கெட்டியாக, அதாவது காற்றுக்குப் பெட்ரோல் அதிகமாக, இருப்பது வேறு. இந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

உதாரணத்துக்கு எம்ஜிபியை எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை, ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான கார் இது. உலகம் முழுக்க இன்னும் நிறைய ஓடுகிறது, பாகங்களும் கிடைக்கின்றன. 1798 சிசி பி-சீரிஸ் இஞ்சின், அதன் பக்கவாட்டில் இரட்டை எஸ்.யு. ஹெச்எஸ்4 கார்புரேட்டர்கள். நம்ம ஊர் அம்பாசிடரில் பல காலம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் இஞ்சினும் இதே பி-சீரிஸ் குடும்பம்தான், அதிலும் எஸ்.யு. உண்டு. அதனால் பழைய அம்பாசிடர் மெக்கானிக் ஒருவர் தெரிந்தவராக இருந்தால் அவருக்கு இந்தக் கட்டுரையே தேவைப்படாது.

எஸ்.யு. என்பது ஸ்கின்னர் சகோதரர்களின் கம்பெனி. 1910இல் தொடங்கினார்கள், 1926இல் மோரிஸ் அதை வாங்கிக்கொண்டது. ஸ்கின்னர் குடும்பத்தின் பூர்வீகத் தொழில் செருப்பு வியாபாரம். அவர்களுடைய ஆரம்பகால கார்புரேட்டரில் பிஸ்டனுக்குப் பதிலாகத் தோலில் செய்த துருத்தி இருந்ததற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இனி உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். எஸ்.யு.வின் தலையில் மணி கவிழ்த்த மாதிரி ஓர் உலோகக் கூடு. அதற்குள் ஒரு பிஸ்டன். இஞ்சின் காற்றை இழுக்க இழுக்க பிஸ்டன் மேலே எழும்பும். அதன் அடியில் கீழே போகப் போக மெலியும் ஊசி ஒன்று, 0.090 அங்குலத் துளையுள்ள ஜெட்டுக்குள் இறங்கியிருக்கும். பிஸ்டன் உயர்ந்தால் ஊசியின் மெலிந்த பகுதி ஜெட்டுக்கு வரும், சுற்றிலும் இடைவெளி கூடும், பெட்ரோல் கூடும். காற்றுக்கு ஏற்ற பெட்ரோலைத் தானே அளந்து கொடுக்கும் ஏற்பாடு.

இந்த ஏற்பாடு சரியாக வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. ஜெட்டுக்குள் பெட்ரோல் எப்போதும் ஒரே மட்டத்தில், ஜெட் வாய்க்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். அப்போதுதான் காற்று இழுத்தால் மட்டும் அது மேலே வரும். அந்த மட்டத்தைக் காப்பாற்றுவது கார்புரேட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஃப்ளோட் சேம்பர். வீட்டு ஃப்ளஷ் டேங்கில் பந்து மிதந்து தண்ணீரை அடைக்கிறதே, அதே வேலைதான்: பெட்ரோல் ஏறினால் மிதவை ஏறும், மூடியில் இருக்கும் சின்ன ஊசியை மேலே தள்ளும், ஊசி துளையை அடைக்கும், பெட்ரோல் வரத்து நிற்கும்.

ஆக எஸ்.யு.வில் ஊசிகள் இரண்டு. ஒன்று பிஸ்டனோடு தொங்கும் நீள ஊசி, இன்னொன்று மிதவைக்கு மேலே இருக்கும் குட்டி ஊசி. கடையில் போய் வெறுமனே ‘நீடில்’ என்று கேட்டால் எது வேண்டும் என்று திருப்பிக் கேட்பார்கள். நமக்கு இங்கே வேண்டியது குட்டி ஊசியும் அது உட்காரும் இருக்கையும்தான். வழிகிற கார்புரேட்டர்களில் பெரும்பாலானவற்றில் குற்றவாளி இந்த ஜோடிதான்.

கலவை நட்டை ஏன் தொடக் கூடாது என்பது இப்போது புரிந்திருக்கும். அந்த நட்டு ஜெட்டைக் கொஞ்சம் ஏற்றும், இறக்கும், அவ்வளவுதான். குட்டி ஊசி அடைக்காவிட்டால் பெட்ரோல் ஜெட் வாயையும் தாண்டித் தானாகவே ததும்பும். அளந்து கொடுக்கும் ஊசிக்கு அங்கே வேலையே இல்லை. நட்டை எவ்வளவு திருகினாலும் வழிவது நிற்காது. பின்னால் ஊசி வால்வை மாற்றிச் சரிசெய்த பிறகு, முன்பு திருகிவைத்த நட்டினால் கலவை மெலிந்துபோய் இஞ்சின் கார்புரேட்டர் வழியாகப் பட், பட்டென்று திருப்பி அடிக்கும். ஒரு கோளாறு இரண்டாகும்.

கை வைப்பதற்கு முன்னால்

பி-சீரிஸ் இஞ்சினில் காற்று உள்ளே போகும் பக்கமும் புகை வெளியேறும் பக்கமும் ஒன்றே. அதாவது எம்ஜிபியில் கார்புரேட்டர்களுக்கு நேர் கீழே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. சூடான இரும்பின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. பெட்ரோல் ஆவி மைனஸ் 40 டிகிரியில்கூடப் பற்றிக்கொள்ளக் கூடியது.

அதனால் ஃப்ளோட் சேம்பர் மூடியிலிருந்து ஓர் ஓவர்ஃப்ளோ குழாய் கீழே இறங்கும். வழிகிற பெட்ரோலை எக்ஸாஸ்டைத் தாண்டித் தரைக்குக் கொண்டுபோவதே அதன் வேலை. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அதைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு. இன்னும் மோசமாக, சொட்டுவதை நிறுத்த அதன் வாயை அடைத்து வைத்தவர்களும் உண்டு. சேம்பருக்குள் காற்று போய்வரும் வழியும் அதுதான். அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, பெட்ரோல் ஜெட் வழியாக இஞ்சினுக்குள் தள்ளப்படும். உங்கள் காரில் அந்தக் குழாய் இல்லையென்றால் முதல் வேலையாக வாங்கி மாட்டுங்கள்.

இஞ்சின் முழுக்க ஆறட்டும். கராஜ் கதவு திறந்திருக்கட்டும். பவுடர் வகைத் தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஒயரைத் தொடும் ஒவ்வொரு வேலைக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். எம்ஜிபியில் பேட்டரியைத் தேடி போனட்டுக்குள் துழாவ வேண்டாம், அது இருக்கைகளுக்குப் பின்னால் தரைக்கு அடியில் இருக்கிறது. 1974 வரை வந்தவற்றில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள்.

காதுக்கு முதல் வேலை

பிளக்குகளுக்குப் பொறி தரும் இக்னிஷன் காயிலுக்குப் போகும் ஒயரைக் கழற்றி, நுனியை இன்சுலேஷன் டேப்பால் நன்றாகச் சுற்றிவிடுங்கள். பொறி பறக்காது, காயிலும் சும்மா சூடாகாது. பேட்டரியை மறுபடி மாட்டி, செல்ஃப் அடிக்காமல் சாவியை மட்டும் திருப்புங்கள். வலது பின்சக்கரத்துப் பக்கத்திலிருந்து ‘டிக்டிக்டிக்’ என்று ஒரு சத்தம் வரும். அதுதான் எஸ்.யு. மின்சாரப் பெட்ரோல் பம்ப். முதலில் வேகமாக அடிக்கும், சேம்பர்கள் நிரம்ப நிரம்ப மெதுவாகும், இரண்டு மிதவை ஊசிகளும் அடைத்ததும் நின்றுவிடும். நிரம்பிய பிறகு எப்போதாவது ஒரு டிக் கேட்டால் பரவாயில்லை.

நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் பெட்ரோல் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது, அல்லது டேங்கில் பெட்ரோலே இல்லாமல் பம்ப் காற்றை இழுக்கிறது. இத்தனை மலிவான சோதனைக் கருவி வேறெந்தக் காரிலும் கிடையாது என்பேன். சத்தமே போடாத நவீன பம்பை மாட்டியவர்கள் இந்த வசதியை இழந்துவிடுகிறார்கள்.

டிக் நிற்கவில்லை என்றால் டார்ச் எடுத்து, சொட்டு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இடத்தைப் பொறுத்துக் காரணம் மாறும். ஓவர்ஃப்ளோ குழாயின் கீழ்வாயில் சொட்டினால் அந்தக் குழாய்க்குரிய சேம்பரின் ஊசி அடைக்கவில்லை. இரண்டு குழாய்களில் எது நனைந்திருக்கிறது என்று பார்த்தாலே முன்னதா பின்னதா என்று தெரிந்துவிடும், இரண்டையும் பிரிக்க வேண்டியதில்லை. சேம்பரின் அடியில், ஜெட்டுக்குப் போகும் நைலான் டியூப் சேரும் இடத்தில் ஈரம் இருந்தால் மிதவைக்கு அதில் சம்பந்தமில்லை. அந்த டியூப்பின் முனையில் இருக்கும் சின்ன ரப்பர் சீல் போயிருக்கும். ரப்பர் ஹோஸ் மூடியில் சேரும் இடத்தில் கசிந்தால் ஹோஸும் கிளிப்பும். இது மூன்றும் ஒன்றோடொன்று ஒழுகிக் கலந்துவிடும், அதனால் முதலில் எல்லாவற்றையும் துணியால் துடைத்துக் காயவிட்டு, பிறகு சாவியைப் போட்டு முதல் சொட்டு எங்கே பிறக்கிறது என்று காத்திருந்து பார்க்க வேண்டும்.

வெளியே ஒரு சொட்டும் இல்லை, ஆனால் இஞ்சின் மூச்சுத் திணறுகிறது என்றால் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டியதுதான். ஏர் ஃபில்டரைக் கழற்றி, மேலே உள்ள மணிக்கூட்டின் திருகுகளை எடுத்து, கூட்டையும் பிஸ்டனையும் நேராக மேலே தூக்குங்கள். ஊசி வளைந்தால் புது ஊசிதான். பிஸ்டனைத் தரையில் படுக்கவைக்காமல், வாய் குறுகிய கண்ணாடி ஜாடி ஒன்றின் மேல் ஊசி உள்ளே தொங்கும்படி உட்காரவைத்தால் பத்திரம். முன் கார்புரேட்டர் பிஸ்டன் முன் கூட்டுக்குத்தான், மாற்றிப் போடக் கூடாது, ஜோடி ஜோடியாகப் பொருத்தம் பார்த்துச் செய்தவை.

இப்போது திறந்த தொண்டைக்குள் டார்ச் அடித்தால் நடுவில் வட்டமாக ஜெட் தெரியும். சாவியைப் போடச் சொல்லுங்கள். பெட்ரோல் மட்டம் ஜெட்டுக்குள் ஏறி, வாய்க்குக் கொஞ்சம் கீழே நின்றால் மிதவைக்கு நற்சான்று. நிற்காமல் ஏறி, வாயில் திரண்டு, ஓரத்தைத் தாண்டி ஓடினால் வழிதல் உறுதி. மட்டம் சரியாக நின்றும் கறுப்புப் புகை வருகிறது என்றால் அது கலவைப் பிரச்சினை. அதற்கும் நட்டுக்கு முன்னால் சோக்கைப் பாருங்கள். எஸ்.யு.வில் சோக் இழுத்தால் காற்றை மறைக்கும் தகடு எதுவும் மூடாது, ஜெட்டே கீழே இறங்கும். சோக்கைத் தள்ளிய பிறகும் ஜெட் ஏறாமல் ஒட்டிக்கொண்டு நிற்பது சகஜம். கீழிருந்து விரலால் தள்ளினால் ‘க்ளிக்’ என்று ஏறிக்கொண்டால் கோளாறு அங்கே.

மூடியைத் திறந்தால்

ஃப்ளோட் சேம்பர் மூடியைப் பிடித்திருப்பவை மூன்றே திருகுகள். ஒன்றின் தலைக்கடியில் சின்ன அலுமினியச் சீட்டு இருந்தால் தொலைக்காதீர்கள், ‘ஏயுடி’ என்று தொடங்கும் அந்த எண்ணை வைத்துத்தான் சரியான பாகங்களை வாங்க முடியும். மூடி எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று கழற்றுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு குறுக்கு வழி. திருப்புளியின் கைப்பிடியால் சேம்பரை நாலு தட்டு தட்டிப் பாருங்கள். வழிவது நின்றால் ஊசியில் குப்பை மாட்டியிருந்தது. எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் குப்பை எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் விட்டால் அடுத்த வாரம் மறுபடி தட்ட வேண்டியிருக்கும். ஐம்பது வருடப் பழைய டேங்கின் துரு ஒரு பக்கம். உள்ளே உதிரும் ரப்பர் ஹோஸ் இன்னொரு பக்கம். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலே 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த இ10 ஆகிவிட்டது. எத்தனாலுக்காகச் செய்யப்படாத பழைய ரப்பரை அது உப்பவைத்து, பிளந்து, கறுப்புத் துகளாக உதிர்க்கும். மூடியைத் திறந்து சேம்பரின் அடியில் விரலைத் தேய்த்துப் பாருங்கள். செம்பழுப்பாக ஒட்டினால் துரு, கறுப்பாக ஒட்டினால் ஹோஸ். ஹோஸ் என்றால் எத்தனாலைத் தாங்கும் ஹோஸாக மாற்ற வேண்டும். எதுவானாலும் கார்புரேட்டருக்கு முன்னால் ஒரு ஃபில்டர் போட்டுவிடுவது நல்லது.

அடுத்து ஊசி. மிதவையின் கீல் ஊக்கை மெல்லத் தள்ளி எடுத்தால் மிதவை கையோடு வரும், ஊசி கீழே விழும். அதன் கூம்பு முனையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். சுற்றிலும் மோதிரம் போட்ட மாதிரி மெல்லிய கோடு விழுந்திருந்தால் தேய்ந்துவிட்டது. ஊசியையும் இருக்கையையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றுவது காசுக்கும் நேரத்துக்கும் தண்டம். முனையில் விட்டான் ரப்பர் வைத்த ஊசி கிடைத்தால் அதையே வாங்குங்கள், தூசியைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். எஸ்.யு. பாகங்களை இப்போது பிரிட்டனில் பர்லன் கம்பெனி தயாரிக்கிறது.

மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே சளசளத்தால் ஓட்டை. சந்தேகமாக இருந்தால் வெந்நீரில் அமுக்கிப் பிடியுங்கள், ஓட்டை வழியாகக் காற்றுக் குமிழி வரும். வெந்நீரை அடுப்புப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்யக் கூடாது, மிதவைக்குள் இருப்பது பெட்ரோல்.

எல்லாம் நன்றாக இருந்தால் மட்டத்தைச் சரிபார்க்க வேண்டும். மூடியைத் தலைகீழாகப் பிடித்து, மிதவை தன் எடையில் மட்டும் ஊசிமேல் உட்காரும்படி விடுங்கள், அமுக்காதீர்கள். சில ஊசிகளின் அடியில் சின்ன ஸ்பிரிங் இருக்கும், அமுக்கினால் அளவு தப்பும். மூடியின் விளிம்புக்கும் மிதவைக்கும் நடுவே 1/8 முதல் 3/16 அங்குலம், அதாவது 3.2 முதல் 4.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 1/8 அங்குல ட்ரில் பிட்டை விளிம்பின் குறுக்கே படுக்கவைத்தால் மிதவை அதைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். இடைவெளி குறைவாக இருந்தால் பெட்ரோல் மட்டம் உயரம் என்று அர்த்தம். மிதவையின் கீலில் இரும்புத் தகடு இருந்தால் அதை மயிரிழை வளைத்துச் சரிசெய்யலாம். முழுக்க பிளாஸ்டிக் என்றால் வளைக்க முடியாது, ஊசி இருக்கைக்கு அடியில் மெல்லிய வாஷர் ஒன்றைச் சேர்த்தால் மட்டம் இறங்கும்.

புது ஊசி போட்டும் வழிந்தால்

இங்கேதான் பலரும் மாதக்கணக்கில் அலைகிறார்கள். ஊசி புதுசு, மிதவை புதுசு, அளவு சரி, ஆனாலும் வழிகிறது. அப்போது காரின் பின்பக்கம் போய்ப் பம்பைப் பாருங்கள். எம்ஜிபியோடு வந்த எஸ்.யு. பம்ப் கொடுக்கும் அழுத்தம் 3 பிஎஸ்ஐ அளவுதான். யாரோ ஒருவர் எப்போதோ அதைக் கழற்றிவிட்டு, ஏதோ ஒரு பொதுவான மின்சார பம்பை மாட்டியிருப்பார். அவற்றில் பல 5, 6 பிஎஸ்ஐ கூடத் தள்ளும்.

ஒரு சின்னக் கணக்கு. ஊசி அடைக்கும் துளையின் விட்டம் 2.5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 3 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அந்த ஊசியைக் கீழே தள்ளும் விசை சுமார் 10 கிராம் எடைக்குச் சமம். 6 பிஎஸ்ஐ என்றால் 20 கிராம். இதை எதிர்த்து நிற்க வேண்டியது பாதி மூழ்கிய ஒரு குட்டி நைலான் மிதவை. அது இன்னும் ஆழமாக மூழ்கினால்தான் தோது, மூழ்க வேண்டுமென்றால் பெட்ரோல் மட்டம் ஏற வேண்டும், மட்டம் ஏறினால் ஜெட்டில் ததும்பும். ஊசிமேல் எந்தக் குற்றமும் இல்லை.

கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸில் டி-ஜாயின்ட் போட்டுக் குறைந்த அழுத்தத்துக்கான மீட்டர் ஒன்றை இணைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். 3ஐவிட வெகுவாக மேலே காட்டினால் சரியான பம்பையே திரும்பப் போடுவது என் ஆலோசனை. ரெகுலேட்டர் போட்டும் அடக்கலாம்தான், ஆனால் பிரச்சினையை வைத்துக்கொண்டே அதற்கு ஒரு காவலாளியையும் வைப்பது எனக்குப் பிடிப்பதில்லை.

1970களின் முற்பகுதியில் எம்ஜிபியில் ஹெச்எஸ்4க்குப் பதிலாக ஹெச்ஐஎஃப்4 கார்புரேட்டர் வந்தது. அதில் தனிச் சேம்பர் கிடையாது, மிதவை ஜெட்டுக்கு நேர் கீழே கார்புரேட்டரின் உடலுக்குள்ளேயே இருக்கிறது. தத்துவம் அதேதான், அளவுகள் வேறு, மேலே சொன்ன ட்ரில் பிட் அளவு அதற்குப் பொருந்தாது. அடிமூடியைத் திறக்கக் கார்புரேட்டரைக் கழற்றிக் கீழே எடுப்பதே சௌகரியம்.

நனைந்த இஞ்சினைக் கிளப்புவது

கோளாறைச் சரிசெய்தாயிற்று, காயில் ஒயரையும் மாட்டியாயிற்று, ஆனால் சிலிண்டருக்குள் இன்னும் பெட்ரோல் ஈரம். சோக்கை முழுசாக உள்ளே தள்ளுங்கள். ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்து, அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். நிறையக் காற்று போய் ஈரத்தை அடித்துக்கொண்டு வரும். எஸ்.யு.வில் ஆக்சிலரேட்டர் பம்ப் கிடையாது, வெபர் கார்புரேட்டரில் மாதிரி மிதித்தால் பெட்ரோல் பீய்ச்சாது, அதனால் முழுசாக மிதிக்கப் பயப்பட வேண்டாம். பத்து வினாடிக்கு மேல் விடாமல் செல்ஃப் அடிக்கக் கூடாது, ஆறவிட்டு அடியுங்கள். அப்படியும் பிடிக்கவில்லை என்றால் பிளக்குகளைக் கழற்றித் துடைத்துக் காயவைத்துப் போடுங்கள்.

கிளப்புவதற்கு முன் டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பார்த்துவிடுங்கள். நாள்கணக்கில் வழிந்திருந்தால் பெட்ரோல் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயிலில் இறங்கியிருக்கும். மட்டம் வழக்கத்தைவிட ஏறியிருந்தாலோ, ஆயில் தண்ணியாக ஓடிப் பெட்ரோல் வாடை அடித்தாலோ, அந்த ஆயிலோடு இஞ்சினை ஓட்டினால் பேரிங்குகள் தேயும். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும்.